பிழையின் ஆரம்

அந்த நீலத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.
வான்நீலம் வேண்டாம், மைநீலம் வேண்டாம் என்று
அலுவலகத்தில் மூன்று நாள் மல்லுக்கட்டிக்
கடைசியில் வைத்த புள்ளி.
சுற்றிலும் மங்கலாய் ஒரு வட்டம்:
இதற்குள் எங்கோ இருக்கிறார், அவ்வளவுதான் தெரியும் என்று
செயலி காட்டும் அடக்கம்.

இன்று அந்தப் புள்ளி
லேனா ஆற்றின் நட்டநடுவில்.

வரைபடத்துக்குப் பனிக்காலம் தெரியாது.
ஜனவரியிலும் ஆற்றைத் தண்ணீராகவே தீட்டும்.
நீலத்தின் மேல் நீலம்;
வெள்ளை விளிம்பு மட்டும் இல்லையென்றால்
சர்கிலானாவைக் கண்டே பிடிக்க முடியாது.

யாகுட்ஸ்க் கரையிலிருந்து
நிஷ்னி பெஸ்த்யாக்கில் இருக்கும் எனக்கு
ஃப்ரிட்ஜ் கொண்டுவருகிறாள்.
சிரிக்காதீர்கள்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்து நான்கு.
முட்டையை வாசலில் வைத்தால் கல்,
அடுப்பருகே வைத்தால் நாற்றம்.
நடுவே ஓர் இடம் வேண்டாமா?

பனிச்சாலையில் இறங்கும்போது
சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள்,
விரிசல் விட்டால் குதிக்க.
இதை எந்தத் திரையிலும் நான் எழுதவில்லை.

இரண்டு பத்துக்கு வட்டம் விரிந்தது.
ஐம்பது மீட்டர். நூறு. நானூறு.
பிறகு புள்ளி சாம்பலானது.
சாம்பலும் என் யோசனைதான்:
"கடைசியாகத் தெரிந்த இடம், நான்கு நிமிடம் முன்பு."
நல்ல வாசகம் என்றார்கள் கூட்டத்தில்.

ஆறு நிமிடம்.
பதினொன்று.
அழைத்தேன். பதிவு செய்த பெண்குரல் ஒன்று
ருஷ்ய மொழியில் மன்னிப்புக் கேட்டது.
விரலால் திரையைப் பெரிதாக்கினேன்,
பனியைத் துடைத்துக் கீழே பார்ப்பவன் போல.
பெரிதாக்கப் பெரிதாக்க
நீலம்தான் வந்தது.

இருபத்தாறு.
ஜன்னலில் வெளிச்சம். ஹாரன்.

"குளிர்ல போன் செத்துப்போச்சு.
சட்டைக்குள்ள வெச்சிருக்கணும், மறந்துட்டேன்."
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றுகிறாள்.
இமைமுடியின் உறைபனி உருகிக்
கன்னத்தில் வழிகிறது.
கையெழுத்துக் கேட்கிறாள், காகிதத்தில்.
என் பேனா எழுத மறுக்கிறது; அவளுடையதைத் தருகிறாள்.

பால்தேநீரை நின்றபடியே குடிக்கிறாள்.
மேசையில் கிடக்கும் என் போனில்
இன்னும் ஆற்றின் நடுவே நிற்கிறாள்.

எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"யாரு இது, இந்தக் குளிர்ல
இவ்வளவு நேரமா அங்கேயே நிக்கிறது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

சர்க்கரைக் கிண்ணத்தை
அவள் பக்கம் நகர்த்தினேன்.