சர்க்கரைப் பொட்டலம்

சுலைமானியாவில் பணம் மாற்றும் கடை.
நஷ்மீல் நோட்டு எண்ணுகிறாள்.
வலக்கையில் பதினேழு மருக்கள்.
நீட்டினால் முதலில் கையைப் பார்ப்பார்கள்,
பிறகு நோட்டின் ஓரத்தை மட்டும்
பிடித்து வாங்குவார்கள்.

குளிரில் உறையவைத்தார்கள். முளைத்தது.
அமிலம் வைத்தார்கள். தோல்தான் வெந்தது.
மின்சாரத்தால் சுட்டபோது
தன் சதை கருகும் வாசம் தனக்கே அடிக்க
ஒரு வாரம் கபாப் கடைப் பக்கம் போகவில்லை.
ஒன்று போன இடத்தில் மூன்று.

டாக்டர் ஷிலான் சொன்னார்: ஓர் ஆய்வு.
சிலருக்குத் துத்தநாகம், சிலருக்குச் சர்க்கரை.
யாருக்கு எதுவென்று
எனக்கும் தெரியாது.

முதல் பொட்டலம்.
நாக்கில் பழைய சாவியின் ருசி.
வெறும் வயிற்றில் குடித்த காலை
கழுவுதொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு
குடலைப் புரட்டியெடுத்த வாந்தி.
வாயைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.
சர்க்கரை யாரையும் இப்படி உலுக்காது.

மருத்துவமனை பெஞ்சில்
பக்கத்து எண்காரன் கபாத், வெல்டர்.
துத்தநாகம் பூசிய தகட்டில்
தண்ணீர்த் தொட்டி செய்கிறவன்.
அந்த வெள்ளைப் புகை நெஞ்சில் ஏறிய ராத்திரிகளில்
கம்பளிக்குள் நடுங்குவானாம்.
உள்ளங்கை நிறைய மரு.
"மருந்து நன்றாக இனிக்கிறது," என்றான். "உனக்கு?"

"இனிக்கிறது," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று
பஸ்ஸில் யோசித்தாள்.
இறங்கும் இடம் வந்துவிட்டது.

ஏழாம் வாரம்
கை துடைத்த துண்டில்
மிளகு போல ஒன்று உதிர்ந்து கிடந்தது.
அப்புறம் இன்னொன்று.
நோட்டு எண்ணுகிறவள்
எண்ணுவதை விட்டுவிட்டாள்.

கடைசி நாள். அதே பெஞ்ச்.
கபாத் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
"ஒன்றுகூட அசையவில்லை. உன்னுடையது?"

மூன்று வருடம் ஒளித்துப் பழகிய கை
கேட்காமலே கோட்டுப் பைக்குள் போய்விட்டது.
உள்ளே விரல்கள்
ஒன்றையொன்று தடவிக்கொண்டன,
வழுவழுவென்று, வெட்கமில்லாமல்.
மரு போயிற்று.
எழுத்து ஒன்று மாறி
மறு வந்து ஒட்டிக்கொண்டது.

"அப்படியேதான்," என்றாள் தரையைப் பார்த்து.

அவன் தேநீர் வாங்கிவந்தான்.
மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்து
இரண்டு குவளையிலும் பாதிப் பாதி கொட்டினான்.
"வீணாக்குவானேன்."
சட்டைப் பையிலிருந்த
அளவுகோலின் முனையால் கலக்கி
அவளிடம் ஒன்றை நீட்டினான்.

இடக்கையால் வாங்கினாள்.