ஏழாவது கட்டம்

பெரியாஸ்பத்திரி ஒப்பந்தச் சம்பளப் பட்டியலில்
நான் முத்துப்பேச்சி.
செக்கானூரணிக்கு மேற்கே ஓட்டுக்கூரைச் சபையின்
ஞானஸ்நானப் பதிவேட்டில் கெத்சீயாள்.
யோபுவுக்கு எல்லாம் போய்த் திரும்ப வந்தபின்
பிறந்த இரண்டாவது மகளின் பெயர் அது.
நானும் இரண்டாவது.
எங்களுக்குப் போனது எதுவும் திரும்பவில்லை,
பெயர் மட்டும் வந்தது.

அப்பா சொல்வார்:
"சாமிக்குத் தெரியும். தாசில்தாருக்குத் தெரிய வேண்டாம்."
அந்த ஒரு வரியில்தான் நாங்கள் படித்தோம்,
விடுதியில் சோறு தின்றோம்.
ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை,
திங்கட்கிழமை வேறொருத்தி.
மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரி
ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்கு
ஓடி ஓடியே நனைந்தேன்.

இப்போது கைப்பையில் மகளின் பள்ளி விண்ணப்பம்.
ஏழாவது கட்டம்: மதம்.
நாளை கடைசி நாள்.
எஸ்.சி. என்றால் ஒரு கணக்கு,
உள்ளதை எழுதினால் பி.சி., வேறு கணக்கு.
நாள்காட்டித் தாளின் பின்பக்கம்
இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டார் என் வீட்டுக்காரர்.
தலையில் விழுந்த மூன்று கை தண்ணீர்
சாதியைக் கழுவிவிட்டதென்று சர்க்கார் நம்புகிறது.
கழுவவில்லை.
கல்லறைத் தோட்டத்திலும் எங்களுக்குத் தனி மூலைதான்.

வழி காட்டும் என்று மூன்று இரவு முழங்காலில் நின்றேன்.
கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பதுபோல் நின்றேன்.
சிவப்பு மாறவே இல்லை.

நேற்று இரவு
ரிங் ரோட்டில் கிடந்தவர் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள்.
சட்டைப்பையில் கிழிந்த பஸ் டிக்கெட்,
பாதி தின்ற பாக்குப் பொட்டலம்.
கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
பெயர் தெரியாத ஆண், வயது சுமார் ஐம்பது.
எழுதிய கை கொஞ்சம் நின்றது.

இரண்டு மணிக்கு அவர் காதருகே குனிந்தேன்.
கருப்பையாவா?
வேலுச்சாமியா?
காதர் மைதீனா? அந்தோணியா? சோணைமுத்தா?
"என்னடி, ஓட்டர் லிஸ்ட் வாசிக்கிறே?"
தனபாக்கியம் சிரித்தாள்.

பெயர்கள் தீர்ந்துபோயின.
டிரிப் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சும்மா பேசினேன்.
வைகையில் தண்ணி விட்டிருக்காங்க அண்ணே.
என் மக கணக்குல கொஞ்சம் மட்டம்.
கேன்டீன்ல இன்னைக்கு இட்லி கல்லு.
நாலு பத்துக்கு இமை அசைந்தது,
கண் மெல்ல என் பக்கம் வந்தது.
அப்போது நான் எந்தப் பெயரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

பெயருக்கு அல்ல, சத்தத்துக்கு.
மந்தையில் ஆடு அப்படித்தான் திரும்பும் என்று
எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன்,
கொட்டாவியை அடக்கிக்கொண்டு.
இத்தனை வருடமாய் ஒருவர்
முத்துப்பேச்சி என்றும் கூப்பிடாமல்
கெத்சீயாள் என்றும் கூப்பிடாமல்
என் தலைமாட்டில் உட்கார்ந்து
பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்,
இவள் கண் திறக்கட்டும் என்று.

விடிந்ததும் ஏ.வி. பாலத்துக் கைப்பிடிச் சுவரில்
விண்ணப்பத்தை வைத்தேன்.
கீழே ஆகாயத்தாமரையை விலக்கி விலக்கி
கொஞ்சம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
ஏழாவது கட்டத்தை நிரப்பினேன்.
கை நடுங்கவில்லை என்றால் பொய்.
'கி' கோணலாக விழுந்தது.

கணக்கு அப்படியேதான் இருக்கிறது.
அவர் கத்துவார். நாள்காட்டித் தாளை மறுபடி எடுப்பார்.
ராத்திரி டூட்டிக்குப் போனால் தனபாக்கியம்
"ஏ பேச்சி" என்றுதான் கூப்பிடுவாள்.
திரும்பிப் பார்ப்பேன்.

பதினேழாம் படுக்கைக்காரர் இன்னும் பேசவில்லை.
'தெரியாத' என்பதை அடித்துவிட்டு
அங்கே இடம் விட்டிருக்கிறேன்.