கீழே ஓடும் எழுத்து

கூரியர்க்காரன் நீட்டிய உறைக்குள் இரண்டு டிஸ்க்.
அட்டையில் மூங்கில்தொப்பி போட்ட ஒருத்தன், பாதி முகம்.
கீறல் நீக்கிப் புதுப்பித்தது, கறுப்பு வெள்ளை,
நூற்றுப் பத்தொன்பது நிமிடம்.
எண்ணூற்று ஐம்பது ரூபாய் இதற்குப் போனது
அம்மாவுக்குத் தெரியாது.

ஐகிரவுண்டு ஆசுபத்திரியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை,
பிணவறைக்கு அடுத்த அறை.
டாக்டர் சொல்லச் சொல்ல அடிப்பேன்:
இடது முன்கை, ஏழுக்கு இரண்டு சென்டிமீட்டர், எலும்பு வரை.
இங்கிலீஷை நான் காயங்களில்தான் கற்றேன்.
வெட்டுப்பட்டு வருகிறவர்களில்
தடுக்காத கை ஒன்றை இதுவரை அடித்ததில்லை.
படத்தில் யாரும் கையால் தடுப்பதில்லை.
அழகாக விழுகிறார்கள்.

நயினார் ஒன்பதரைக்கு வந்தான்.
நிபந்தனை ஜாமீன். தினமும் பத்து மணிக்கு
தாலுகா ஸ்டேஷனில் கையெழுத்து.
மேலச்செவலுக்கு இந்தப் பக்கம் வாழைத்தோப்பில்
அரிவாளோடு ஒளிந்திருந்ததாக வழக்கு.
ஒளிந்திருந்தது உண்மை.
வர வேண்டிய ஆள் அன்றைக்குப் பஸ் மாறிப் போய்விட்டான்.

அண்ணன் போய் மூன்று வருஷம்.
அவன் அறிக்கையை நான் அடிக்கவில்லை, எனக்கு விடுப்பு.
அடித்தவள் வேலைக்குப் புதுசு.
பதினொரு காயம், இரண்டு எழுத்துப்பிழை.

"சண்டைப் படமாக்கா?"
தீயலும் சோறுமாகத் தரையில் உட்கார்ந்தான்.
தொப்பிக்குள் ஐந்து பெயர் எழுதி வைத்திருக்கிறான் வாள்காரன்.
முதல் பெயரைப் பாலத்தில் மறிக்கிறான்.
கீழே எழுத்து:
இந்த நாளுக்காகவே பதின்மூன்று வருஷம் மூச்சு விட்டேன்.

"என்ன சொல்லுதான்?"
"வழி கேக்கான்."
"வழி கேக்கவா வாள உருவுதான்?"
"அந்த ஊர் வழக்கம்ல."

இரண்டாமவன் சத்திரத்தில் குடித்துக்கொண்டிருக்கிறான்.
உன் மகன் என்னைத் தேடி வருவான், வரட்டும்.
"ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவனுவளாம்" என்றேன்.
ரத்தம் கறுப்பாகப் பீய்ச்சி அடித்தது,
பழைய ரிப்பன் மை மாதிரி, காகிதக் கதவெல்லாம்.
இத்தனை உயரத்துக்கு வராது.
ஒரே ஓர் இடத்தில் வெட்டினால் வரும்.
எந்த இடம் என்று அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாமவன் சாகும்போது சாப்பிடுவதை நிறுத்தினான்.
நாலாமவனுக்குள் கையில் சோறு காய்ந்துவிட்டது.

ஐந்தாமவன் கிழவன். மழையில் முட்டுக்காலிட்டு
தானாகக் காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டுகிறான்.
வாள் மேலே போய் நிற்கிறது.
ஒரு நிமிடத்துக்குக் கீழே எழுத்தே இல்லை.

"இப்ப என்ன சொல்லுதான்?"
"ஒண்ணும் சொல்லல."
அது ஒன்றுதான் அன்றிரவு நான் சரியாகப் பெயர்த்தது.

வாள் இறங்கியது. படம் முடிந்தது.
"நீ சொன்னது பூராப் பொய்தானக்கா" என்றான்,
கோபம் ஒன்றுமில்லாமல்.
"அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்."

தூக்கம் வராமல் இரண்டாவது டிஸ்கைப் போட்டேன்.
படம் எடுத்த கதை. பாலத்தில் செத்தவன் எழுந்து,
அங்கிக்குள்ளிருந்து ரப்பர்க் குழாயை உருவிப் போட்டு,
கொன்றவனிடமே நெருப்பு வாங்கி
சிகரெட் பற்றவைக்கிறான்.
ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நயினார் ரிமோட்டை வாங்கினான்.
திரும்ப வைத்தான். விழுந்தவன் எழுந்தான்.
திரும்ப. எழுந்தான்.
பதினொன்று வரை எண்ணினேன். அதற்குமேல்
அவன் வைத்துக்கொண்டே இருந்தான்.

காலையில் கையெழுத்துக்குக் கிளம்பியவன்
செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.
"டிஸ்க எடுத்துட்டுப் போட்டாக்கா?"
"எது?"
"ரெண்டாவது."
அவன் அறையில் போட்டுப் பார்க்க எதுவும் கிடையாது.
கொடுத்தேன். சட்டைக்குள் வைத்துப் பித்தான் போட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு டாக்டர் வந்தார்.
உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.
பெயருக்கு முன்னால் ஊரைப் பார்ப்பது என் பழக்கம்.
ஒன்று கங்கைகொண்டான்.
இன்னொரு தாளைக் கொஞ்சம் கழித்துத்தான் திருப்பினேன்.