ஒரு கால் அசல்

கல்யாணமாகி நாற்பதாம் நாள்
எமல்டா அந்தமான் போய்வந்தாள்.
எங்கள் பிளாக்கில் விமானம் ஏறிய முதல் ஆள்.
மொட்டைமாடியில் துணி உதறும்போதெல்லாம்
தண்டையார்பேட்டைக்கு மேலே போகிறவற்றை
எண்ணிக்கொண்டிருந்தவள்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும்
படி படியாய்ப் பை சுமந்து வந்தாள்.
கீழ்வீட்டு மெக்கானிக்குச் சாவிக்கொத்து,
எதிர்வீட்டு இரட்டைப் பெண்களுக்குப் பாசிமாலை,
தண்ணி லாரி வந்தால் முதல் குரல் கொடுக்கும் சகுந்தலாவுக்கு
ஊதினாலும் ஊதாத ஒரு சங்கு.
எனக்கு ஆமை.

"பூங்காக்கா, பதினோரு கடை ஏறி எறங்குனேன்.
எல்லாம் டூப்ளிகேட்டு.
இவரு கால் வலிக்குதுன்னு படகுத்துறையில குந்திகினாரு.
கடைசி கடைக்காரன்தான் சத்தியம் பண்ணான்,
இது இந்தத் தீவுலயே செஞ்சதுன்னு.
நானூத்தம்பது சொன்னான்,
முந்நூத்தெம்பதுக்கு முடிச்சேன்."

வாங்கி உள்ளங்கையில் வைத்தேன்.
தெரிந்த கனம்.
முதுகுக்குப் புள்ளிச்சோழி.
வலது கண் கறுப்பு மணி,
இடது கண் கருநீலம்.

தை மாசக் கடைசியில்
மண்ணடி குடோனில் கறுப்பு மணி தீர்ந்துபோய்
பாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது
நான்தான் சொன்னேன்,
ஒரு கண்ணுக்குக் கறுப்பு வைப்போம்,
இன்னொன்றை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று.
மூன்று நாளில் அறுநூறு ஆமை.
ஒன்றுக்கு இரண்டேகால் ரூபாய்.

சோழி ராமநாதபுரத்திலிருந்து சாக்கில் வரும்.
பசை வாடை மத்தியானச் சோற்றிலும் இருக்கும்.
வயிற்றில் ஸ்டிக்கர் ஒட்டுவது நாகரத்னா.
தென்னைமரம், பாதிச் சூரியன், வளைவாக ஊர்ப்பெயர்.
போன வருஷம் ஒருநாள் பெட்டி மாறி
கோவா ஆமைகள் கன்னியாகுமரி போயின.
ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"புடிச்சிருக்காக்கா?"

அவள் மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.
அது அந்த ஊர் வெயில்.
அதை ஒட்டித் தரும் பசை எங்களிடம் இல்லை.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விழுங்க ஒரு சாக்கு வேண்டி
ஆமையைக் கவிழ்த்தேன்.

பின்னங்கால் ஒன்று வேறாக இருந்தது.

நாங்கள் வைப்பது நான்கும் ஒரே வெள்ளைச் சிப்பி.
இது நகத்தளவு, ஊதா,
ஓரமெல்லாம் பொடிப் பற்கள்.
பதினாறு வருஷமாகச் சிப்பி பொறுக்குகிறேன்,
இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.
பசையும் எங்களுடையது இல்லை.
மஞ்சளாய்க் கசிந்து காய்ந்திருந்தது.

மூன்று நாள் கப்பலில் பெட்டி குலுங்கி
கால் தெறித்திருக்கும்.
ஆள் வராத மழை நேரத்தில்
அந்தக் கடைக்காரன்
சரக்கைத் தள்ளிப்போட மனமில்லாமல்
கரையில் குனிந்து தேடியிருப்பான்.
ஒன்று பெரிது, ஒன்று கோணல்,
இது பொருந்தியிருக்கும்.
வைத்து அழுத்தி
நூறு எண்ண வேண்டும்.
அறுபதில் விட்டால் நழுவும்.
விடவில்லை அவன்.
அதற்குப் பிறகுதானே சத்தியம் செய்தான்,
செய்யட்டும்.

"அசல்தானேக்கா?"

"அசல்தான்டி."
என் கட்டைவிரல் அந்தக் காலின்மேல் இருந்தது.

முகம் மலர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு
மூன்றாம் மாடிக்கு ஏறினாள்,
இன்னும் நாலு வீடு பாக்கி.

திங்கட்கிழமை குடோனில்
கறுப்பு மணி ஒரு டின் நிறைய இருந்தது.
நீலப் பொட்டலத்தை மேல்தட்டிலிருந்து இறக்கினேன்.
ஒரே ஒரு ஆமைக்கு
இடது கண் மட்டும்.

அந்தமான் போகிற பெட்டி எது என்று
நாகரத்னாவிடம் கேட்டேன்.