அறுபத்தோராவது பெயர்

ஜூலை முப்பது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்.
வந்தவர்கள் ஏழு பேர்.
இருபத்து நான்கு கையெழுத்து வேண்டும்.
மிச்சத்தை இறால் கம்பெனி வாசலில்
ஷிப்ட் விடும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.
தலைவர் நான்தான். தேசராணி, எட்டாவது பெயில்.

தீர்மானம் ஒன்று: கழிவறைக்குத் தண்ணீர்.
போன வருஷமும் அதுதான் ஒன்று.
தீர்மானம் இரண்டு: ஜன்னலுக்கு வலை.
அனல் நிலையத்துச் சாம்பல்
ராத்திரியே வந்து கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிறது,
அதைத் துடைத்த பிறகுதான்
எங்கள் பிள்ளைகளுக்கு அ.

மூன்றாவதைத் தலைமை ஆசிரியர் வாய்விட்டுப் படிக்கவில்லை.
போனை என் பக்கம் திருப்பினார்.
அறுபது என்றது போன்.
அறுபது பிள்ளைக்கு இரண்டு வாத்தியார்,
அறுபத்தொன்று என்றால் மூன்று.
ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எண்ணுவார்கள்.
அப்படியென்றால் எப்சிபா டீச்சர் உபரி.

வலையில் வந்தும் விலைபோகாமல்
கரையிலேயே உதறிக் கொட்டுகிற மீனுக்கு
எங்களிடம் ஒரு பெயர் உண்டு.
அதை நான் சொல்லவில்லை.
ழ வராத என் மகனின் வாய்க்குள் விரல் விட்டு
நாக்கை மடித்துக் காட்டியவர் அவர்.
இப்போது வீட்டில் கோழி, வாழை என்று
தேவைக்கு மேலேயே பேசுகிறான்.

சாயங்காலம் மூன்று பேரும் நடந்தோம்.
மீஞ்சூர் வேனில் போகிற பிள்ளைகளைக் கேட்க முடியாது.
வார்டு மெம்பரின் பேரன்களே அதில்தான் போகிறார்கள்.
என் அக்கா மகளும் போகிறாள்,
அக்காவோடு எனக்குப் பேச்சு இல்லை.

கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள்.
ஒடியாக்காரர்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு
ஒருத்தி நின்றாள்.
வயசு கேட்டதற்கு அம்மா ஆறு விரல் காட்டினாள்,
யோசித்து இன்னொன்று நீட்டினாள்.
சஞ்சுக்தா.
ஆதாரில் எழுத்து வேறாக இருந்தது.
போன் மூன்று தடவை துப்பியது.
சிக்னலுக்காகத் தலைமை ஆசிரியர்
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றார்,
சேலையைச் செருகிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில்.
நான்காவது தடவை விழுங்கியது.

எண்ணினார்கள். அறுபத்தொன்று.
சேர்க்கையை உயர்த்திய பள்ளி என்று
ஒன்றியத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது,
ஊர்ப் பெயரில் ஒரு கால் விட்டுப்போய்.

ஒன்பது நாள் காலை உப்புமா சாப்பிட்டாள்.
பத்தாம் நாள் கொட்டகை காலி.
வேலை காக்கிநாடாவுக்கு நகர்ந்துவிட்டதாம்.
அவள் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ட,
வரிசை வரிசையாக,
யாரோ ஏறிப்போகக் கட்டிய படி மாதிரி.

செப்டம்பரில் வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார்.
வருகை சதவீதம் ஏன் இறங்கியது?
வாசிப்புத் தேர்வில் ஒரு முட்டை யாருடையது?
எங்களைக் காப்பாற்றிய பிள்ளையேதான்
எங்கள் சராசரியையும் இழுத்துக்கொண்டிருந்தாள்.
முப்பது நாள் தாண்டியாயிற்று,
பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்.
தள்ளுகிறோம் சார் என்றோம்.
பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி,
அந்தப் பிள்ளை இப்போது எங்கே படிக்கிறது என்று கேட்டார்.
அதற்குப் போனில் கட்டம் இல்லை.
மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.
அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இன்னும் தள்ளவில்லை. சிக்னல் இல்லை என்கிறார்
தலைமை ஆசிரியர். தொட்டிமேல் ஏறவும் இல்லை.

நேற்று எப்சிபா டீச்சர் என்னிடம் ஒரு புகார் சொன்னார்.
போனில் அகரவரிசை.
சஞ்சுக்தாவுக்கு அடுத்தது என் மகன் சந்திரபோஸ்.
அவள் பெயரைக் கூப்பிட்டாலே
இவன் எழுந்து உள்ளேன் என்கிறானாம்,
தன் பெயருக்கும் இன்னொரு தடவை.
காது மந்தமா, எதற்கும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.
காட்டுகிறேன் டீச்சர் என்றேன்.