உப்பைச் சுரண்டும் பல்

கோணிப்பையில் ஒன்பது எலிகளைக்
கொண்டுவந்து வைத்தான் லக்தர்.
வரைபடத்தில் சாவூரா என்னும் ஆறாகவும்
நேரில் வெறும் மணலாகவும் கிடக்கிற இடத்தில் பிடித்தவை.
கொழுத்தவை. பட்டப்பகலில் திரிபவை.
ஆளைக் கண்டால் பின்னங்காலால்
தரையைத் தட்டுபவை.

எனக்கு இருபத்தாறு வயது.
அல்ஜியர்ஸிலிருந்து இரண்டு நாள் பேருந்தில்
மடியில் நுண்ணோக்கியோடு வந்திருந்தேன்.

உப்புச்செடியைத் தவிர வேறெதையும் அவை சீந்துவதில்லை.
இலையை இரண்டு கையாலும் ஏந்தி
மேல்தோல் உப்பைப் பல்லால் சுரண்டித் தள்ளி
அப்புறம்தான் கடிக்கும்.
விடிந்தால் அடைந்தால் இதே வேலை.
வளை வாசலில் துருவல் குவிந்திருக்கும்,
தச்சன் காலடியில் போல.

அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. அறுபத்தைந்து.
ரத்தச் சர்க்கரை.
என் முதல் குறிப்பேட்டின் முதல் பக்கம்
சலிப்பூட்டும் ஆரோக்கியம்.

ஆய்வகத்தில் உப்புச்செடிக்கு எங்கே போவது?
வெள்ளெலிகள் தின்று பேரன் பேத்தி எடுக்கிற
அதே உருண்டைத் தீவனத்தை வைத்தோம்.
முதல் வாரம் அதையும் சுரண்டிப் பார்த்தன.
பிறகு விட்டுவிட்டன.

மூன்றாம் வாரம் இன்சுலின்
எங்கள் அளவுகோலுக்கு மேலே போய்விட்டது.
கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துகிற வீடுபோல
கணையம் வாரி இறைத்தது.
ஏழாம் வாரம் வீடு காலி.
நானூற்று முப்பது.
பத்தாம் வாரம்
கண்மணியில் பால் படர்ந்தது.

இதை வைத்துத்தான் முனைவர் ஆனேன்.
மார்செய்யில் கைதட்டினார்கள்.
எலிகளுக்கு நான் செய்தது என்னவென்று
அங்கே யாரும் கேட்கவில்லை,
நானும்.

பிறகு அந்தப் பத்து வருடங்கள்.
நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
விளக்கணைத்து ஓடிய இரவுப் பேருந்தை
மறித்தவர்கள் ராணுவமா மற்றவர்களா
தெரியாது.
மீசை முளைக்காத ஒருவன்
துப்பாக்கி முனையால் என் பெட்டியைத் திறந்தான்.
பனிக்கட்டிக்குள் முப்பத்திரண்டு சின்னப் பொட்டலங்கள்.
என்ன இது?
எலியின் கணையம்.
எதற்கு?
சர்க்கரை நோய்க்கு.
கொஞ்ச நேரம் நின்றான்.
அம்மாவுக்கு இருக்கிறது, என்றான்.
ஊசி இல்லாமல் முடியுமா?
முடியும், இன்னும் சில வருடங்களில், என்றேன்.
சான்று இல்லாமல் நான் வெளியிட்ட ஒரே முடிவு அது.
பனி உருகாமல் அவனே மூடிக் கொடுத்தான்.

மூன்றில் ஒன்று நோய்ப்படவில்லை.
அதே கூண்டு, அதே தீவனம், அதே எடை.
என் முதல் கட்டுரையில் அவை
அடிக்குறிப்பாகக் கூட இல்லை.
மாதிரி சிறியது என்று எழுதித் தள்ளிவிட்டேன்.
அடுத்த இருபத்துமூன்று வருடங்கள்
அவற்றின் பின்னால்தான் போயின.
காய்ந்த தலைகள் என்று பெயர் வைத்திருந்தோம்.
இங்கே பிடிவாதக்காரரை அப்படித்தான் சொல்வது.
கல்லீரலைப் பார்த்தேன். தசையைப் பார்த்தேன்.
குடலில் வாழும் கிருமிகளை எண்ணினேன்.
நான்கு மரபணுக்கள்மேல் சந்தேகப்பட்டு
மூன்றிடம் மன்னிப்புக் கேட்டேன்.
நான்காவது இன்னும் வாய் திறக்கவில்லை.

பெஷார் மருத்துவமனையில்
லக்தரின் இரண்டு கால்விரல்களை எடுத்த மறுவாரம்
பார்க்கப் போனேன்.
தேநீரில் மூன்று கட்டிச் சர்க்கரை போட்டான்.
நான் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.
"மூன்றில் ஒன்று தப்பும் என்பாயே, ஹூரியா,
என் தாய் பெற்றதும் மூன்று.
எனக்கு இது. நடுவன் போய்ச் சேர்ந்தான்.
மூத்தவனைப் போய்ப் பார்."

எண்பதைத் தாண்டிய கத்தூர்
பேரீச்ச மரத்தின் உச்சியில் இருந்தார்.
கூப்பிட்டதும் இறங்கினார்,
சட்டைப்பையில் பழங்களோடு.
வாழ்நாள் முழுக்க ரொட்டி, தேநீர், பழம்.
எங்கள் உருண்டைத் தீவனத்துக்குச் சளைத்ததல்ல.

விரலைக் குத்தினேன்.
தொண்ணூற்றொன்று.

"நல்லதா கெட்டதா?"
"நல்லது."
"எதனால்?"

நாற்பத்தோராவது குறிப்பேடு.
எண்ணை எழுதிவிட்டுப்
பேனாவை எடுக்காமல் இருந்தேன்.
மை ஊறிப் பரவியது.

விரலைச் சப்பிக்கொண்டே அவர்
பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத்
தூசியைச் சட்டையில் துடைத்து
எனக்கு நீட்டினார்.