ஐந்தாவது புள்ளி

சாட்ஸ்வர்த், மாலில் இரண்டாம் மாடி.
ரசீது இருக்கிறது. பெட்டியும் இருக்கிறது,
ஓரத்தை மட்டும் பூனை கடித்துவிட்டது.

"கோளாறு எங்கே?" கவுண்டரில் லுங்கேலோ.
ட்யூப்லைட் வெளிச்சத்தில் திரை
ஒன்றுமறியாத பிள்ளைபோல் முழிக்கிறது.
இருட்டில்தான் தெரியும் என்கிறேன்:
வலது மூலையில் பால் சிந்தினாற்போல ஒளிக்கசிவு,
நடுவே நான்கு புள்ளி, செத்தவை.
"ஐந்து இருந்தால்தான் வாரண்டி, மிஸ்டர் குபேந்திரன்."

நாலு மணி. அட்டவணை தவறாமல்
கரண்ட் போனது.
கடை முழுக்க இருட்டு;
என் உள்ளங்கையில் மட்டும் ஒரு குட்டி வீரன்
குகைக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.
லுங்கேலோ குனிந்தான்.
யாரோ ஒரு அம்மாவும், ட்ராலியை விட்டுவிட்டு.
விரல் வைத்து எண்ணினான்.

ஜெனரேட்டர் உறுமுவதற்குள்
படிவத்தில் ஐந்து என்று எழுதியிருந்தான்.
ஐந்தாவது எங்கே என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் டாக்ஸி வேனில்
கட்டைவிரல் இரண்டும்
வெறும் காற்றை அமுக்கிக்கொண்டே வந்தன.